பிள்ளைகள் வேனில் என் குரல்

1

போன வாரம் என் வேலை வண்டிக்கு ஹேண்ட்ஸ்ஃப்ரீ பூட்டினார்கள். வேலை வண்டி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஒரு ஊர். அங்கே ஆஸ்பத்திரிகளின் அழுக்குத் துணியை ஏற்றிக்கொண்டு போய், வெளுத்த துணியைக் கொண்டுவந்து இறக்குகிற வேன் அது. பதினாறு வருடமாக இதைத்தான் ஓட்டுகிறேன். இலங்கையில் என் ஊரான கண்டியில் கேட்டால், "அண்ணன் லண்டன்ல ஆஸ்பத்திரியில இருக்காரு" என்பார்கள். இந்த நாட்டின் எந்த மூலையில் இருந்தாலும் நம்மவர்களுக்கு அது லண்டன்தான். ஆஸ்பத்திரி வாசலை மிதித்தவன் பாதி டாக்டர். நானும் திருத்துவதில்லை.

பூட்ட வந்தவர் ஒரு மணி நேரத்தில் வேலையை முடித்துவிட்டார். ரேடியோவுக்குப் பின்னால் ஒரு சின்னப் பெட்டி. தலைக்கு மேலே வெயில் மறைப்பில் ஒரு மைக். ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு பொத்தான். ஃபோன் அடித்தால் பொத்தானை அமுக்கிவிட்டுப் பேசிக்கொண்டே போகலாம். பிறகு மேற்பார்வையாளர் ஒரு படிவத்தை நீட்டினார். இந்த நாட்டில் படிவம் இல்லாமல் தும்மக்கூட முடியாது. பாவிக்கும் முறை விளங்கியதா? ஆம். வண்டி ஓடும்போது ஃபோனைக் கையில் எடுக்க மாட்டீர்களா? ஆம், எடுக்க மாட்டேன். இதைப் பற்றி உங்களுக்கு ஏதாவது கவலை உண்டா?

அந்தக் கேள்வியில் பேனா நின்றுவிட்டது.

"என்ன, ஏதும் பிரச்சினையா?" என்று அவர் கேட்டார். நல்ல மனிதர்தான். ஆனால் என் ஆங்கிலம் வேலைத்தளத்தில் பொறுக்கியது. மூட்டையைப் பற்றி, வண்டிச் சில்லின் காற்றைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசும். மனதைப் பற்றிப் பேசச் சொன்னால் மேட்டில் ஏறாத வண்டி மாதிரி முனகும். கண்டிக்கு அப்பால் மலையேறுகிற கலஹா ரோட்டில் ஒரு வளைவு இருக்கிறது, அங்கே ஒரு பஸ் ஹாரன் அடித்தது, அதை நான் இங்கே இருந்து கேட்டேன் என்று எந்தக் கட்டத்துக்குள் எழுதுவது? "இல்லை" என்ற கட்டத்தில் சரி போட்டுக் கொடுத்துவிட்டேன்.

அந்தக் கட்டத்தில் எழுத முடியாததை உங்களுக்காவது எழுதுகிறேன்.

2

என் நாள் விடியுமுன்னே தொடங்கிவிடும். ஐந்து மணிக்கு வண்டியை எடுத்தால் எட்டரைக்கு இருபது நிமிட ஓய்வு. என் மனைவி மாலாவுக்கு முதியோர் இல்லத்தில் இரவு வேலை. அவள் வீட்டுக்குள் வரும்போது நான் வெளியே போய் மூன்று மணி நேரம் ஆகியிருக்கும். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுகிற துண்டுக் காகிதத்தில்தான் எங்கள் குடும்பம் நடக்கிறது. "ரசம் இருக்கு." "முழங்கால் மருந்து மேல் தட்டில்." "பிரவீன் பேசினானா?" கடைசிக் காகிதம் மட்டும் அடிக்கடி வரும்.

எட்டரைக்கு ஏதோ ஒரு ஆஸ்பத்திரியின் பின்பக்கம், குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் நிறுத்தி ஃப்ளாஸ்கைத் திறப்பேன். ஒரு கையில் தேநீர், மற்றக் கையில் ஃபோன். முன்பெல்லாம் அம்மாவுக்கு எடுப்பேன், கூப்பிடுவதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அம்மா போய் மூன்று மாதம் கழித்து, சித்திரையில் இருந்து, தம்பி ரவிக்கு.

ரவி கண்டியில் பள்ளி வேன் ஓட்டுகிறான். காலையில் பிள்ளைகளை டவுனுக்குக் கொண்டுபோய், ஒன்றரைக்குப் பள்ளி விட்டதும் திரும்ப ஏற்றி, பேராதனை தாண்டிக் கலஹா ரோட்டில் மேலே மேலே இறக்கிக்கொண்டு போவான். அப்பா மாநகர சபையில் கிளார்க். நாங்கள் இரண்டு பேரும் படிப்பில் அப்பாவை ஏமாற்றிவிட்டு ஆளுக்கொரு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டோம். அவனுக்குப் பிள்ளைகள் கிடைத்தார்கள், எனக்கு அழுக்குத் துணி. யாருக்கு நல்ல சுமை வாய்த்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அவனிடம் என்ன பேசுவேன்? முழங்கால் வலி. இருட்டில் போய் இருட்டில் திரும்புகிற வாழ்க்கை. வேலையில் புதிதாக வந்தவன் என் பெயரை மூன்றாக வெட்டிக் கூப்பிடுவது. அப்புறம் பிரவீன், பிரவீன், பிரவீன். அவன் எங்கள் ஒரே மகன். ஏழு வயது வரைக்கும் தமிழில் சண்டை போட்டவன். இப்போது தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வான். ஆங்கிலத்தில் கேட்டால் பெருவிரலைத் தூக்கிய படம் ஒன்றை அனுப்புவான். ரவி அதிகம் பேச மாட்டான். "ம்ம்." "சரிண்ணே." "விடுங்கண்ணே, வயசு அப்படி." அவ்வளவுதான். அவ்வளவு போதும் எனக்கு. சொல்லி அழுதால் பாரம் குறையும் என்று நம் ஆட்கள் சொல்வார்கள். குறைந்த பாரம் யார் தலையில் போய் ஏறுகிறது என்று யாரும் சொன்னதில்லை.

கார்த்திகையில் ஒருநாள். முந்தின மாலைதான் பிரவீன் வேறு நகரத்தில் அறை எடுத்துவிட்டதாகவும், சனிக்கிழமை சாமான்களை எடுக்க வருவதாகவும் சொல்லியிருந்தான். மூன்று வசனம்தான் பேசினான். எட்டரைக்கு ரவிக்கு எடுத்தேன். பேசத் தொடங்கி இரண்டு நிமிடம் இருக்கும், அழுதுவிட்டேன். ஐம்பத்தாறு வயதில் குப்பைத் தொட்டி ஓரம் உட்கார்ந்து அழுவது பெருமையான காரியம் இல்லை. அப்போது ஃபோனுக்குள் ஒரு பஸ் ஹாரன் கேட்டது. விடாமல், நீளமாக. பிள்ளைகள் எல்லாரும் ஒன்றாகக் கத்தினார்கள். எதுவோ டம் என்று இடித்தது.

"என்னடா?"

மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, "ஒரு நிமிஷம் இருங்கண்ணே" என்றான். கதவு திறக்கிற சத்தம். பிள்ளைகளின் சத்தம் தூரப் போனது. ஒரு நிமிடத்துக்கும் மேலேயே ஆகியிருக்கும். திரும்பி வந்து, "ஒன்னுமில்லண்ணே. பிள்ளைங்க விளையாட்டு. நீங்க சொல்லுங்க" என்றான்.

நான் சொன்னேன். தேநீர் ஆறி, ஓய்வு நேரம் முடிகிற வரைக்கும் சொன்னேன்.

3

தை மாதம் அம்மாவின் முதலாம் ஆண்டுத் திதி. அம்மா செத்தபோது என்னால் போக முடியவில்லை. பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க அனுப்பியிருந்தேன். அது எந்த மேசையில் எந்தக் கட்டுக்கு அடியில் கிடந்ததோ, கேட்ட இடத்திலெல்லாம் "நடைமுறையில் உள்ளது" என்றார்கள். அம்மாவுக்குக் கொள்ளி வைத்து எட்டு நாளைக்குப் பிறகு தபாலில் வந்து விழுந்தது. அதனால் திதிக்கு எப்படியும் போய்விடுவது என்று இருந்தேன்.

புறப்படுமுன் ரவியின் மனைவி விஜியிடம், என்ன கொண்டுவரட்டும் என்று கேட்டேன். வழக்கமாக ஒன்றும் கேட்க மாட்டாள். இந்த முறை, "எங்களுக்கு ஒன்னும் வேணாம் அத்தான். இவரு வேன் ஓட்டுறப்ப கைய விட்டுட்டு ஃபோன் பேச ஏதாச்சும் இருந்தா கொண்டாங்க" என்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் வாங்குவதுதான் வெளிநாட்டுக்காரனின் குணம். ஊரில் எந்தக் குறை என்றாலும் அதற்கு ஒரு பெட்டி இருக்கும், அதைச் சூட்கேஸில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தால் தீர்ந்துவிடும் என்று நினைக்கிற ஜாதி நாங்கள். ஹேண்ட்ஸ்ஃப்ரீ ஒன்றை வாங்கிச் சட்டைகளுக்கு நடுவில் சுற்றி வைத்தேன். விமான நிலையத்தில் சுங்க அதிகாரி அந்த வயர் குவியலைப் பிரித்துப் போட்டுவிட்டு என்னையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார். சிங்களத்தில் விளக்கப் போனால், பதினாறு வருடத் துருப் பிடித்த சிங்களம். "தம்பிக்கு, வேனில், பேசுவதற்கு" என்றேன். "நேரில் பார்க்கத்தானே போகிறீர்கள், பிறகு என்ன பேச்சு?" என்று சிரித்து விட்டுவிட்டார்.

திதி முடிந்த அன்று மத்தியானம், ரவி பிள்ளைகளை ஏற்றப் போன பிறகு, விஜி சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே பேசினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நான் ஒன்னு சொல்லணும் அத்தான். கோவிச்சிக்கிட்டாலும் பரவால்ல."

"சொல்லும்மா."

"கார்த்திகையில வேனு ரோட்டோரத் தண்ணிக் கானுக்குள்ள எறங்கிருச்சி. கலஹா பஸ்ஸு மேலருந்து வந்துச்சி. இவரு ஒரு கையால வெட்டிருக்காரு, மத்த கையில ஃபோனு. முன் சில்லு ரெண்டும் கானுக்குள்ள. நல்ல வேள, அந்தப் பக்கம் போகல. அந்தப் பக்கம் என்னா இருக்குன்னு ஒங்களுக்குத் தெரியும்."

தெரியும். அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை. அதுதான் பயம்.

"ஒரு பிள்ளைக்கு ஒதடு கிழிஞ்சிருச்சி. ரெண்டு வீட்டுல அடுத்த நாளே வேற வேன் பாத்துட்டாங்க. மத்தவங்க இந்த மாசம் முடியட்டும்னு இருக்காங்க. சுகந்தி டீச்சர்தான் எல்லாருக்கும் தலைவி, ஒதடு கிழிஞ்சது அவங்க மகளுக்குத்தான். அவங்க போனா எல்லாரும் போயிருவாங்க. பிள்ளைங்க இல்லாம வேனு என்னாத்துக்கு?"

"யாரோட ஃபோன் பேசினான்?"

"அம்மாமாருக்கு ரிங் கட் குடுத்தேன்னு சொன்னாரு எல்லாருக்கும்."

ரிங் கட் என்பது ஒரு மணி மட்டும் அடிக்கவிட்டு வெட்டுவது. வேன் கிட்ட வந்துவிட்டது, ஒழுங்கை ரோட்டில் சேரும் முனைக்கு வாருங்கள் என்று அர்த்தம். ஒவ்வொரு வீட்டுக்கும் ரவி அப்படிக் கொடுப்பான். கொடுத்தால் ஃபோனில் கை வைக்கிறார் என்பார்கள், கொடுக்காவிட்டால் மழையில் காக்க வைத்தார் என்பார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

விஜி குழாயை மூடினாள். "ரிங் கட்டு இல்ல அத்தான். நீங்க."

அவள் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"மொதல்ல நீங்க எடுக்கிறப்ப இவரு ஸ்கூலுக்கிட்ட மரத்தடியில சும்மா இருப்பாரு. ஒரு மணி. ஐப்பசிக்குப் பொறகு சரியா ரெண்டு மணிக்கு எடுக்குறீங்க. வேனு ரோட்டுல."

நான் நேரத்தை மாற்றவே இல்லை. எட்டரைக்குத்தான் எடுத்தேன், கோடையிலும் எட்டரை, குளிரிலும் எட்டரை. ஆனால் ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்த நாடு முழுவதும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்பும். கண்டியில் திருப்புவதில்லை. என் எட்டரை, தம்பியின் ஒரு மணியில் இருந்து நழுவி இரண்டு மணியில் போய் விழுந்துவிட்டது. அன்று ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கலாம் என்று சந்தோஷப்பட்டு அடுப்பு மேல் இருந்த கடிகாரத்தை என் கையாலேயே திருப்பி வைத்தேன். அந்த ஒரு மணி நேரம் எங்கே போனது என்று யோசிக்கவில்லை. பதினாறு வருடம் இங்கே இருந்தும், அவர்கள் தூங்குவார்களா முழித்திருப்பார்களா என்று மட்டும்தான் கணக்குப் பார்க்கத் தெரிந்திருந்தது.

"அவன் ஆன்சர் பண்ணாம விட்டிருக்கலாமே விஜி. இல்லேன்னா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

அப்போதுதான் அவள் என்னைப் பார்த்தாள். "அம்மாவ ஆஸ்பத்திரியில வச்சிருந்த அன்னைக்கி நீங்க எத்தன தடவ எடுத்தீங்க? இவரு ஃபோன வேனுலயே விட்டுட்டு வார்டுக்குள்ள நின்னாரு. பொறகு வந்து பாத்தாரு, பன்னெண்டு தடவ ஒங்க பேரு. அன்னைலருந்து ஒங்க ஃபோனு அடிச்சா, குளிச்சிக்கிட்டு இருந்தாலும் ஓடி வருவாரு. 'அண்ணன் அங்க தனியா நின்னு அடிச்சிக்கிட்டு இருப்பாருடி'ம்பாரு."

4

அடுத்த நாள் காலை, பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்த ரவியோடு கட்டுகஸ்தோட்டை ரோட்டில் உள்ள நிஸாம் நானாவின் கடைக்குப் போனேன். வாகனங்களுக்கு ரேடியோ பூட்டுகிற சின்னக் கடை. முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் நானா என்றுதான் கூப்பிடுவோம். விஜி சொன்னதை நான் ரவியிடம் சொல்லவில்லை. அவனும் ஏதோ தெரிந்த மாதிரி ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தான். எங்கள் குடும்பத்தில் முக்கியமான விஷயங்களைப் பேசாமல் இருப்பதில் எல்லாருக்கும் நல்ல பயிற்சி.

நானா பெட்டியைத் திறந்து, வயர்களை மடியில் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"அண்ணன், இது புது வண்டிக்குச் செஞ்ச சாமான். இந்த வேன் என்ட கலியாணத்துக்கு முந்தி வந்தது. இந்தச் செருகி இதுல போகாது."

"அப்ப ஏலாதா நானா?"

"ஏலாத எண்டு ஒண்டு இருந்தா நான் ஏன் கடை வெச்சிரிக்கிறன்? ரேடியோவுக்குப் பின்னால வெட்டி ஒட்டணும். இரிங்கொ, டீ ஒண்டு சொல்றேன்."

ரேடியோவைக் கழற்றினார். அதற்குள்ளே இருந்து இரண்டு பென்சில், ஒரு ஹெயார் கிளிப், யாரோ ஒரு பிள்ளை தின்னாமல் ஒளித்த மாத்திரை எல்லாம் விழுந்தன. "உண்டியலா இது?" என்றார். ஒவ்வொரு வயராக நிறம் பார்த்து, உரித்து, முறுக்கி, டேப் சுற்றினார். தனியாக ஒரு ஃபியூஸ் போட்டார். மைக்கை எங்கே வைப்பது என்பதுதான் பெரிய விவாதம். நடுவில் வைத்தால் பிள்ளைகளின் சத்தம்தான் போகும். கடைசியில் ஓட்டுகிறவரின் வாய்க்கு நேரே, கதவோரத் தூணில் ஒட்டினார். பொத்தானை ஸ்டியரிங் பக்கத்தில், பெருவிரல் எட்டுகிற இடத்தில்.

"இப்ப எடுத்துப் பாருங்கொ."

நான் கடைப் படியில் நின்று ரவிக்கு எடுத்தேன். ஐந்தடி தூரத்தில் வேன் முழுவதும் மணி அடித்தது. அவன் பெருவிரலால் அமுக்கினான்.

"ஹலோ" என்றேன்.

என் குரல் வேனின் நான்கு மூலையில் இருந்தும் வந்தது. நான் எப்போதும் உள்ளே இருந்துதான் என் குரலைக் கேட்டிருக்கிறேன். வெளியே நின்று கேட்டது அதுதான் முதல் தடவை. ஒரே ஒரு ஹலோதான் சொன்னேன். அதிலேயே ஒரு இழுவை இருந்தது, காய்ச்சல்காரன் தண்ணீர் கேட்பது மாதிரி.

"ஒங்கட குரல் ஏன் அண்ணன் இப்பிடி?" என்றார் நானா.

"அது அப்படித்தான் நானா, லண்டன் குளிரு" என்று ரவி எனக்காகச் சொன்னான்.

நானா திருகாணிகளை முடுக்கிவிட்டுக் கையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே, கேட்காமலே ஒரு வார்த்தை சொன்னார். நான் மனிதர்களின் வாய்ச்சொல்லைச் சேர்த்து வைக்கிறவன். இதையும் முடிந்து வைத்துக்கொண்டேன்.

"கை ரெண்டையும் ஸ்டியரிங்ல வெச்சிக் குடுத்திட்டேன் ரவி. மனசையும் அங்க வெக்கிறதுக்கு என்ட கிட்ட வயர் இல்ல."

5

அன்று மத்தியானம் ரவியோடு வேனில் போனேன். பள்ளி விடுகிற நேரம், டவுனில் வண்டிகள் நகர மறுத்தன. ஒன்பது பிள்ளைகள் ஏறினார்கள். காலியாக இருந்த இரண்டு இடத்திலும் பைகளைப் போட்டார்கள். நான் முன் இருக்கையில். எனக்குப் பின்னால் எட்டு வயதுப் பெண் பிள்ளை. கீழ் உதட்டில் ஓரமாக ஒரு சின்னத் தழும்பு. யாரென்று யாரும் சொல்லாமலே தெரிந்துகொண்டேன்.

பேராதனை தாண்டி மேலே ஏறத் தொடங்கியதும் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு மணி. அங்கே எட்டரை. அதே நேரம் பின்னால் இருந்து அந்தப் பிள்ளை தலையை நீட்டினாள்.

"ரவி மாமா, லண்டன் மாமா இன்னும் எடுக்கல?"

ரவி ரோட்டைப் பார்த்தபடி சிரித்தான். "இந்தா உக்காந்திருக்காரு பாரு தாரணி. இவருதான்."

அவள் என்னை நன்றாகப் பார்த்தாள். "பொய். இவரு இல்ல."

"ஏம்மா இல்ல?" என்றேன்.

"நீங்க சிரிக்கிறீங்க. அவரு அழுவுற மாமா."

வேன் முழுக்கச் சிரித்தது. பின் இருக்கையில் இருந்து ஒரு பிள்ளை, "அவருக்கு முழங்கால் வலி" என்றது. இன்னொன்று, "அவரு மகன் பேச மாட்டாரு" என்றது. மூன்றாவது ஒன்று என் குரலிலேயே, "என்னாத்த சொல்றது ரவி, என்னாத்த சொல்றது" என்று இழுத்துக் காட்டியது. ரவி ஃபோனைக் காதில்தான் வைத்திருந்தான், ஆனாலும் அந்தச் சின்ன வேனுக்குள் எல்லாம் கேட்டிருக்கிறது. ஐப்பசியில் இருந்து மார்கழி வரைக்கும், பள்ளி விட்டுப் பசியோடு போகிற பிள்ளைகளுக்கு நான்தான் தினசரி நாடகம்.

"சும்மா இருங்கடா" என்றான் ரவி. காது சிவந்துவிட்டது.

அந்த வளைவு வந்தது. ரவி ஹாரன் அடித்து, மெதுவாக்கி, ஓரம் பிடித்தான். மேலே இருந்து கலஹா பஸ் வந்தது. அந்த நேரத்துக்கு அந்த இடத்தில் அந்த பஸ் தினமும் வரும்போல. இரண்டுக்கும் நடுவில் ஒரு சாண் இருந்திருக்கும். பிள்ளைகள் பேச்சை நிறுத்தினார்கள். பஸ் போனதும் பேச்சு மறுபடி தொடங்கியது. யாரும் அவர்களை நிறுத்தச் சொல்லவில்லை. அந்த இடத்தில் வாயை மூடுவதை அவர்களாகவே பழகியிருந்தார்கள். எனக்கு அதைத் தாங்க முடியவில்லை.

கடைசியாக இறங்குகிறவள் தாரணி. ஒழுங்கை முனையில் அவள் அம்மா நின்றார். யாழ்ப்பாணத்துக்காரர், அங்கே ஒரு பள்ளியில் கணக்குப் படிப்பிக்கிற சுகந்தி டீச்சர். நான் வேனில் இருந்து இறங்கினேன். ரவி, "அண்ணே, வேணாம்" என்றான். எதற்கு வேண்டாம் என்கிறான் என்று எங்கள் இருவருக்கும் தெரிந்திருந்தது.

"டீச்சர், நான் ரவியோட அண்ணன். கார்த்திகையில வேனு கானுக்குள்ள போனப்ப அவன் ரிங் கட் குடுக்கல. என்கூடத்தான் பேசிக்கிட்டிருந்தான். எடுத்தது நான்."

டீச்சர் என்னையும் வேனையும் பார்த்தார். "அப்ப அந்த அழுகிற ஆள் நீங்கள்தானோ?"

"ஆமா."

"பிள்ளை வந்து சொல்லுவாள். நான் ரேடியோ நாடகம் எண்டு நினைச்சனான்." அவர் சிரிக்கவில்லை. "ரவி அண்ணா ஏன் சொல்லேல்லை?"

"என்னைக் காட்டிக்கொடுக்க மாட்டான்."

"பொய் சொன்னதுதான் எனக்குப் பயம். கை வழுக்கினால் ஒரு நாள். பொய் எண்டால் எத்தினை நாள் எண்டு தெரியாதே."

ரவி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். இறங்கவில்லை. நான் ஹேண்ட்ஸ்ஃப்ரீயைக் காட்டினேன். பொத்தான், மைக், ஃபியூஸ் எல்லாவற்றையும் விற்பனைக்காரன் மாதிரி விளக்கினேன். டீச்சர் கடைசி வரைக்கும் பொறுமையாகக் கேட்டார். கணக்கைப் பிழையாகச் செய்த பிள்ளையின் விளக்கத்தைக் கேட்பது மாதிரி.

"நல்ல சாமான். இருக்கட்டும். வேன் பழுதாகினால் உதவும். ஆனால் அண்ணா, அவர் ரெண்டு கையாலும் பிடிச்சுக்கொண்டு உங்கட அழுகையைக் கேட்டால் என்ன, ஒரு கையால் பிடிச்சுக்கொண்டு கேட்டால் என்ன? கேக்கிறது ஒரே ஆள்தானே?"

நான் பொத்தானில் இருந்து விரலை எடுத்தேன்.

"ஒண்டரைக்கும் மூண்டரைக்கும் இடையில நீங்கள் எடுக்காதேங்கோ. ரிங் கட்டும் வேண்டாம், நாங்கள் முன்னமே வந்து நிப்பம். நான் மற்ற அம்மாமாரோட கதைக்கிறன். அதுக்குப் பிறகு இவர் ஃபோனில கை வைச்சால், நானே எல்லாரையும் கூட்டிக்கொண்டு போவன்."

வேனில் ஏறினேன். திரும்பி இறங்கும்போது, பாதி வழியில் ரவி, "ஏன் சொன்னீங்க?" என்றான். கோபமாகத்தான் கேட்டான்.

"நீ ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க எடுக்க மாட்டீங்க."

"ஆமா."

"எடுக்காட்டி அங்க யாருகிட்ட பேசுவீங்க?"

வளைவு வந்தது. இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டோம்.

6

போன மாதம் திரும்பி வந்தேன். விமான நிலையத்தில் இறங்கியதும், ஊர்ப் பழக்கத்தில் பிரவீனுக்கு ஒரு ரிங் கட் கொடுத்தேன். வந்து சேர்ந்துவிட்டேன் என்று அர்த்தம். ஐந்து நிமிடம் கழித்து அவனிடம் இருந்து ஒரு கேள்விக்குறி வந்தது. வேறு ஒன்றும் இல்லை, கேள்விக்குறி மட்டும். தந்தி மாதிரி. விளக்கி எழுதினேன். பெருவிரல் வந்தது. அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஒரு மணியோசையில் ஒரு சேதியை வைக்க அவனுக்கு நான் சொல்லித்தரவில்லை. என்னிடம் இருந்து நீளமான பேச்சைத்தான் அவனும் கேட்டிருக்கிறான்.

டீச்சர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மாதம் முடிந்தது. ஒன்பது பிள்ளைகளும் இருக்கிறார்கள். போன இரண்டு பேரும் திரும்பி வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ரவி பேசினான். தாரணி முதல் வாரம் தினமும் இரண்டு மணிக்கு, "லண்டன் மாமா எங்க?" என்று கேட்டாளாம். இப்போது கேட்பதில்லையாம். பிள்ளைகள் நாடகத்தைச் சீக்கிரம் மறந்துவிடுவார்கள். "நம்ம சாமான் நல்லா வேல செய்யுதாடா?" என்றேன். "பளிச்சினு நீல லைட்டு எரியுதுண்ணே. யாரும் எடுக்குறதில்ல" என்றான். பிறகு, "பங்குனிக் கடைசியில அங்க கடிகாரத்த மாத்துவாங்கல்ல? அதுக்குப் பொறகு எட்டரைக்கு எடுங்க. நான் மரத்தடியில இருப்பேன்" என்றான். என் கடிகாரத்தின் கணக்கு இப்போது அவனிடம் இருக்கிறது.

எட்டரைக்கு இப்போதும் அதே குப்பைத் தொட்டி ஓரம்தான் நிறுத்துகிறேன். கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக் குடிக்கிறேன். இருபது நிமிடம் என்பது நீளமான நேரம், முன்பு தெரியவில்லை. ஓய்வறைக்குள் போய் உட்கார்ந்து பார்த்தேன். என் பெயரை மூன்றாக வெட்டுகிறவன் அங்கே இருந்தான். அவனுக்கும் முழங்கால் வலியாம். இரண்டு பேரும் மருந்தின் பெயரைப் பரிமாறிக்கொண்டோம். அதற்கு மேல் என் ஆங்கிலமும் ஓடவில்லை, அவனுக்கும் ஆசை இல்லை.

பத்து மணிக்கு, அதாவது கண்டியில் மூன்றரைக்கு, ஒன்று நடக்கும். ரவி தானாகத் தொடங்கியது, நான் கேட்கவில்லை. வேனை நிறுத்திவிட்டுத்தான் செய்கிறான் என்று விஜி சத்தியம் பண்ணியிருக்கிறாள்.

நேற்று, புது ஹேண்ட்ஸ்ஃப்ரீயோடு ஊரைச் சுற்றிப் போகிற பெரிய ரோட்டில் மழையில் போய்க்கொண்டிருந்தேன். திடீரென்று வண்டி முழுவதும் மணி அடித்தது. துணி மூட்டைகளுக்குக்கூடக் கேட்டிருக்கும். திரையில் ரவியின் பெயர். பெருவிரல் தானாகப் பொத்தானுக்குப் போனது. போய்ச் சேருமுன்னே மணி நின்றுவிட்டது.

ஒரே ஒரு மணி. தாரணியும் இறங்கிவிட்டாள்.

இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அடுத்த ஆஸ்பத்திரிக்குப் போனேன்.